அணையாத விளக்கு

தேவாலய முற்றத்தில் ஒதுக்கிக் குவித்திருந்த பனிச்சுவரை முட்டாத குறையாக அப்பாவின் காரை நிறுத்தி, சாவியைத் திருகி எஞ்சினை அணைத்து, சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான் ஹோக்கன். கதவைச் சாத்தினான். கழுத்தில் இருந்த வெள்ளை டையைச் சரிசெய்துகொண்டான். அப்பாவை அடக்கம் செய்யும் நாளில் மகன் கட்டுகிற டை அது. காரின் முன்விளக்கு இரண்டும் எரிந்துகொண்டே இருந்தன.

ரக்னா அதைப் பார்த்தாள். மார்ச் மாத வெயிலில் பனி கண்ணைப் பறித்தது. அந்த வெளிச்சத்தில் விளக்கு எரிவது வேறு யார் கண்ணிலும் சட்டென்று படாது. அவள் கண்ணில் படாமல் போகாது. இருபத்தேழு வருஷமாக அந்த இரண்டு விளக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே அவள் கழுத்து வலித்திருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"சீக்கிரம் வாம்மா, எல்லாரும் உள்ளே போயாச்சு" என்றான் ஹோக்கன். "அப்புறம், நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். காரை வாங்கற ஆள் சனிக்கிழமை வர்றாரு. இன்னொரு சாவி எங்க வெச்சிருக்கே? மறந்துடாம எடுத்து வை. உனக்குத்தான் மறதியாச்சே."

ரக்னா வாயை மூடிக்கொண்டாள்.

விற்பதென்று முடிவு செய்தவன் அவன்தான். அவளிடம் கேட்கவில்லை. கடைக்கும் தபாலுக்கும் இருபது கிலோமீட்டர் போகவேண்டிய ஊரில் காரில்லாத கிழவி என்ன ஆவாள்? ஜன்னலோரம் உட்கார்ந்து, யாராவது வண்டியில் வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள். அதற்குப் புருஷன் ஹெல்மரோடு சேர்த்துத் தன்னையும் இன்றைக்கே குழியில் இறக்கிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாம் அந்தப் பழைய கதையால் வந்த வினை. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் கார் ஓட்டவேண்டும் என்று நாட்டில் சட்டம் வந்த வருஷம் அது. அதற்கப்புறம் வந்த கார்களில் சாவியைத் திருப்பினால் விளக்கு தானாக எரியும், தானாக அணையும். ஹெல்மரின் கார் சட்டத்துக்கு முந்தியது. கையால் போட்டுக் கையால் அணைக்கவேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் ரக்னா இதே முற்றத்துக்கு மாதர் சங்க ஏலத்துக்கு வந்து, விளக்கை அணைக்காமல் போய்விட்டாள். பேட்டரி இறங்கிப்போனது. ஆறு ஆண்கள் சேறும் பனியுமாகக் கிடந்த முற்றத்தில் காரைத் தள்ளினார்கள். அதில் ஒருவர் அப்போதைய பாதிரியார். அவர் சறுக்கி விழுந்தார்.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் ஹெல்மர் அதைச் சும்மா விடவில்லை. முதல் வருஷம் பாதிரியார் முழங்காலில் விழுந்தார். ஐந்தாறு வருஷத்தில் குப்புற விழுந்தார். கடைசியாகக் கதையைச் சொன்னபோது அவருடைய பல்செட் எகிறிப்போய், வசந்தத்தில் பனி உருகியபிறகுதான் கிடைத்தது. பாவம், அந்த மனுஷனுக்குப் பல்செட்டே கிடையாது. ஊரில் அவளுக்கு 'விளக்கு ரக்னா' என்று பெயரே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் ஹெல்மர் கேட்பது ஒரே கேள்வி: "விளக்கை அணைச்சியா?" அவள் அணைச்சேன் என்பாள். "போய்ப் பாத்துட்டு வா" என்பார். அவளும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

தேவாலயத்துக்குள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். முதல் பாட்டு முடிந்தது. வெள்ளைப் பெட்டியின்மேல் ஒவ்வொருவராக வந்து பூ வைத்தார்கள். ஹோக்கனின் தோள் குலுங்கியது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிள்ளைமேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லவில்லை.

ஹெல்மரின் கடைசி நாளில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனது அவள்தான். பக்கத்து சீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அவர் சாய்ந்திருந்தார். வழியெல்லாம் பனிப்புயல். லாரி ஒன்று எதிரே வந்தபோதுகூட வண்டி தடம் மாறவில்லை. படுக்கையில் கிடத்தி, மூக்கில் குழாய் வைத்து, நர்ஸ் போனபிறகு அவர் கண்ணைத் திறந்தார்.

"விளக்கை அணைச்சியா?"

"அணைச்சேன்."

"போய்ப் பாத்துட்டு வா."

"போக மாட்டேன். அணைச்சுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். ஒரு பக்கம் உதடு மேலே ஏறியது. "பாக்கலாம்" என்றார். அவள் கையை அவர் விடவில்லை, அவளும் எழுந்து போகவில்லை. அதற்குமேல் அவர் பேசவில்லை. எல்லாம் முடிந்து சாயங்காலம் அவள் கீழே இறங்கி வந்தபோது கார் இருட்டாக நின்றுகொண்டிருந்தது. சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினாள். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெயித்திருக்கிறாள். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு வாய்விட்டு அழுதாள்.

உறைந்த மண்ணைச் சூடேற்றித் தோண்டியிருந்தார்கள். பெட்டி இறங்கியது. குழிப் பக்கமிருந்து தேவாலயக் கூடத்துக்கு நடக்கும்போது ரக்னா ஓரக்கண்ணால் முற்றத்தைப் பார்த்தாள். பனிச்சுவரில் விழுந்த விளக்கு வெளிச்சம் மங்கி மஞ்சளாகியிருந்தது.

கூடத்தில் காபி ஆவி பறந்தது. இறாலும் முட்டையும் அடுக்கிய ரொட்டி கேக்கை நீள மேசையில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆர்விட், வெளியே புகைபிடித்துவிட்டு வந்தவர், அவள் காதருகே குனிந்தார்.

"ரக்னா, உன் கார்ல விளக்கு எரியுது."

"தெரியும்."

"தெரியுமா?"

"உட்காரு. கேக் சாப்பிடு."

ஆர்விட் அவளைப் பார்த்தார். பிறகு காரை ஓட்டி வந்தது யார் என்று யோசித்து, ஹோக்கனைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய துண்டாக வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை துடித்தது.

ஹெல்மரைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். ஹோக்கன் கடைசியாக எழுந்தான். எழுந்தவன் வேறு எதைச் சொல்வான்? சட்டம் வந்த வருஷம் என்று ஆரம்பித்தான். அப்பாவின் குரலையே கொண்டுவந்தான். ஆறு பேர், சேறு, பாதிரியார், பல்செட். கூடம் குலுங்கிச் சிரித்தது. அழுது சிவந்த கண்ணோடு சிரித்தார்கள்.

"அதான் இப்போ என் கார்ல அந்தத் தொல்லையே இல்ல" என்று முடித்தான். "எல்லாம் தானா நடக்கும். அம்மா மாதிரி ஆளுங்களுக்குன்னே கண்டுபிடிச்சிருக்காங்க."

எல்லோரும் ரக்னாவைப் பார்த்தார்கள். அவளும் சிரித்தாள். "இன்னும் ஒரு காபி ஊத்துங்க" என்றாள். யாரும் அவசரப்படவில்லை. அவள் கொஞ்சமும் அவசரப்படவில்லை.

வெளியே வந்தபோது விளக்குகள் செத்திருந்தன. வழியனுப்ப ஊரே முற்றத்தில் நின்றது. ஹோக்கன் அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சுற்றிப் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினான். அதுகூட வரவில்லை.

"செல்ஃப் எடுக்கல" என்றான். "பழைய வண்டின்னா இதான். குளிருக்கு—"

ரக்னா காரில் ஏறாமல் அவன் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள். கையுறையை நிதானமாக மாட்டிக்கொண்டாள். முற்றம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்டாள்:

"விளக்கை அணைச்சியா?"

ஹோக்கனின் கண் டேஷ்போர்டுக்குப் போனது. வெளியே இழுத்தபடி இருந்த விளக்குக் குமிழில் நின்றது. கழுத்திலிருந்து காது வரைக்கும் அவன் சிவந்தான்.

"என் கார்ல தானா அணைஞ்சுடும்மா..."

"உங்கப்பா கார்ல தானா ஒண்ணும் நடக்காது."

முதலில் சிரித்தது பாதிரியார். இப்போது இருப்பவர் இளம்பெண். வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஆனால் கதை அவருக்கும் தெரியும். "நான் மட்டும் தள்ள மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று இரண்டடி பின்னால் போனார். அதற்கப்புறம் முற்றமே வெடித்தது. ஆர்விட் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்லறைப் பக்கமிருந்து யாரோ, "ஹெல்மர் ஒரு வாரம் இருந்து இதைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்" என்றார்கள். ரக்னாவுக்கும் அதே ஏக்கம்தான். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

"யாரும் தள்ள வேண்டாம்" என்றாள். டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து, இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிளை எடுத்தாள். அந்த ஏலத்துக்கு மறுநாள் தன் காசில் வாங்கிப் போட்டது. ஹெல்மர் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்ட பொருள் அது ஒன்றுதான். ஆர்விட் தன் காரை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, எஞ்சின் இரும்பில் கறுப்பு என்று அவளே மாட்டினாள்.

"எறங்கு" என்றாள் மகனிடம். "சாவி அதுலயே இருக்கட்டும்."

ஹோக்கன் இறங்கினான். சுற்றிவந்து அப்பாவின் கடைசிப் பயணத்து சீட்டில், வெள்ளை டையும் தானுமாக உட்கார்ந்தான். ரக்னா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சோக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமி, பிடித்து, உறுமியது. யாரோ கை தட்டினார்கள். சாவு வீட்டில் கை தட்டலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆற்றோரமாகவே சாலை போயிற்று. வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. அவள் திரும்பவில்லை.

"எங்கம்மா போறே?"

"பேட்டரி ஏறணும்."

வெகுதூரம் போனார்கள். எதிரே வந்த கார்களெல்லாம் பகலில் விளக்கோடு வந்தன. ஆற்றுப் பனியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மரம் அறுக்கும் ஆலையைத் தாண்டியபிறகுதான் ஹோக்கன் வாயைத் திறந்தான்.

"நீ எப்போ பாத்தே?"

"நீ கதவைச் சாத்தினப்பவே."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்க ஆரம்பித்தான். அப்பாவைப் போலவே ஒரு பக்கம் உதடு ஏறிய சிரிப்பு.

"சனிக்கிழமை அந்த ஆள் வருவாரே?"

"வரட்டும். காபி குடிச்சுட்டுப் போகட்டும்."

வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஹோக்கன் இறங்கிப் படியேறினான். ரக்னா எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். விறகுக் கொட்டகைக் கதவில் விளக்கு வெளிச்சம் பளீரென்று விழுந்திருந்தது. குமிழை உள்ளே தள்ளினாள். கொட்டகை இருண்டது.

"அணைச்சுட்டேன்" என்றாள்.

படியில் ஹோக்கன் திரும்பினான். "நான் ஒண்ணும் கேக்கலியேம்மா."

அவள் இறங்கி, கதவைப் பூட்டி, சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள்.