கடைசிப் பக்கத்துக் கையெழுத்து

சாப்பாட்டு மணி அடித்ததும் நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை ஒன்றின் கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில், பெண்கள் தூக்குவாளியைத் திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டார்கள். நிற்க வைத்தவர் ஃபோர்மேன் சீனிச்சாமி. மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் யோகலட்சுமி. விருதுநகரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் கள ஊழியராகச் சேர்ந்து அவளுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மடியில் ஒரு கட்டுச் சம்மதப் படிவம் இருந்தது.

ஒவ்வொரு படிவமும் நான்கு பக்கம். அதை வரி வரியாக வாசித்துக் காட்ட வேண்டும், புரிந்ததா என்று கேட்க வேண்டும், விருப்பம் இருந்தால் மட்டும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்தபோதே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். இங்கே சாப்பாட்டு நேரமே முக்கால் மணிதான். வரிசையில் நாற்பத்தாறு பேர்.

"ஏத்தா, சட்டுப்புட்டுன்னு போட்டுட்டு நகருங்க. முதலாளியே சொல்லிட்டாரு. யாரும் மாட்டேன்னு நிக்கப்பிடாது" என்றார் சீனிச்சாமி.

யோகலட்சுமி அவரைத் தடுக்கவில்லை. வேலை சுலபமாகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு படிவத்திலும் கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி நீட்டினாள். கை மாறிக் கை மாறிப் பேனா ஓடியது. 'எதற்கு' என்று கேட்டவள் வீரலட்சுமி ஒருத்திதான். முப்பத்தைந்து வயது, பன்னிரண்டு வருடமாகச் சரவெடி பின்னுகிறவள். ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினாள்.

"எதுக்கு மேடம் இது?"

"தையல் பயிற்சிக்குக்கா. விருதுநகர்ல ஆறு மாசம், இலவசம். பங்குனிப் பொங்கல் திருவிழா முடிஞ்சதும் ஆரம்பிக்கும்."

"எனக்குக் கெடைச்சிருமா?"

பின்னால் இன்னும் முப்பது பேர் நின்றார்கள். "கையெழுத்துப் போட்டுட்டாக் கூப்பிடுவாங்கக்கா" என்றாள் யோகலட்சுமி.

வீரலட்சுமியின் முகம் மலர்ந்தது. மடமடவென்று பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

யோகலட்சுமி சொல்லாமல் விட்டது இதுதான். அது ஓர் ஆய்வு. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்கு மட்டும்தான் பயிற்சி. மற்றப் பாதிப் பேருக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் இரண்டு வருடம் அவர்கள் வீட்டுக்கும் ஆள் போய், என்ன வேலை, என்ன வருமானம் என்று கேட்டு எழுதுவார்கள். பயிற்சி கிடைத்தவர்களின் வாழ்க்கையையும் கிடைக்காதவர்களின் வாழ்க்கையையும் ஒப்பிட்டால்தான் பயிற்சியால் பலன் உண்டா என்று தெரியவரும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லாம் படிவத்திலேயே அச்சாகி இருந்தது.

அன்று சாயங்காலம் ஒருங்கிணைப்பாளர் மணிகண்டராஜ் கட்டை வாங்கிப் பார்த்து, "ஒரே மத்தியானத்துல நாப்பத்தாறா? சூப்பர்ம்மா!" என்று பாராட்டினார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துக் குலுக்கல் முடிவு வந்தது. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லும் வேலையும் யோகலட்சுமிக்குத்தான் வந்தது. வீரலட்சுமியின் பெயர் பயிற்சி இல்லாதவர்களின் பட்டியலில் இருந்தது.

வேலை நாள்தான். ஆனால் அவள் வீட்டில் இருந்தாள். நாத்தனார் கற்பகவல்லியும் உடன் இருந்தாள். யோகலட்சுமியைக் கண்டதும், "வாங்க மேடம், வாங்க! உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கேன். பொங்கலுக்கு மறுநாளே வரணுமா? பஸ்ஸா, வேன் விடுவீகளா?" என்று அடுக்கினாள் வீரலட்சுமி. கட்டிலின் மேல் புது இஞ்சுடேப்பும் கத்தரிக்கோலும் கிடந்தன.

கம்ப்யூட்டர் எடுத்த பயிற்சிப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை என்று யோகலட்சுமி ஒருவழியாகச் சொல்லி முடித்தாள்.

வீரலட்சுமி சிரித்த முகம் மாறாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பாள் போல. பிறகு, "கம்ப்யூட்டர் என்னைய வேண்டாம்னுட்டுதா? நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்றாள்.

"தப்பு ஒண்ணும் இல்லக்கா. அது குலுக்கல். யாருக்கு வேணாலும் விழும்."

"குலுக்கலா? அன்னைக்குச் சொல்லலையே!"

கற்பகவல்லிக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "ஏம்மா, தையல்தான் கெடைச்சிருச்சே, இனி எதுக்கு இருமிக்கிட்டுக் கெடக்கணும்னு இவ பட்டாசு ஆபீஸ் வேலைய விட்டு ரெண்டு வாரம் ஆச்சு, தெரியுமா? இவ எடத்துல வேற ஆள உக்கார வச்சாச்சு. எங்க நோட்டுக் கம்பெனில பைண்டிங்குக்கு ஆள் கேட்டாக. வெடிமருந்துத் தூசி இல்லாத வேலை, இவ இருமலுக்குத் தோதா இருக்கும்னு நான் சொல்லி வச்சேன். 'எனக்குத் தையல் கெடைச்சிருச்சு, வேற யாருக்காச்சும் குடு'ன்னுட்டா. அந்த எடமும் போச்சு. இப்ப வந்து இல்லங்கீக!"

யோகலட்சுமியின் ஓர் அவசரப் பதிலை நம்பி ஒரு பெண் கையில் இருந்த வேலையை விட்டாள்; தேடி வந்த வேலையையும் விட்டாள்.

"நான் போட்ட காயிதத்தக் காட்டுங்க" என்றாள் வீரலட்சுமி.

ஆளுக்கொரு நகல் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. கொடுக்காத நாற்பத்தாறு நகல்களும் யோகலட்சுமியின் பைக்குள்ளேயே கிடந்தன. ஒன்றை எடுத்து நீட்டினாள். "வாசிச்சுக் காட்டட்டுமாக்கா?"

"வேண்டாம்."

வீரலட்சுமி முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். தடுமாற்றமே இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பட்டாசுத் தொழிலாளிக்கு இவ்வளவு நீளப் படிவம் எங்கே விளங்கப் போகிறது என்று யோகலட்சுமி தானாகவே முடிவு கட்டியிருந்தாள். அந்த எண்ணம் இப்போது அவளைச் செவிட்டில் அறைந்தது.

இரண்டாம் பக்கத்தில் வீரலட்சுமியின் விரல் நின்றது. "'உங்களுக்குப் பயிற்சி கிடைக்காமலும் போகலாம். எனவே முடிவு தெரியும்வரை உங்கள் தற்போதைய வேலையை விட வேண்டாம்.'"

"இம்புட்டுத் தெளிவாப் போட்டிருக்கீகளே" என்றாள் வீரலட்சுமி. அவள் குரல் உயரவே இல்லை. "இத வாசிச்சிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன் மேடம். வேலைய மட்டும் விட்டிருக்க மாட்டேன்."

யோகலட்சுமி அன்றே நோட்டுக் கம்பெனிக்குப் போய்க் கேட்டாள். ஆள் எடுத்தாகிவிட்டது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்து நேராக விருதுநகர் அலுவலகத்துக்குப் போய் மணிகண்டராஜிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் பதறுவார், திட்டுவார், வேலையை விட்டே அனுப்புவார் என்றெல்லாம் நினைத்திருந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார்.

"இதெல்லாம் சகஜம்மா. யாரு நாலு பக்கத்தையும் வாசிக்காங்க? கையெழுத்து இருக்குல்ல, விடு."

யோகலட்சுமி விடவில்லை. "சார், முக்கால் மணி நேரத்துல நாப்பத்தாறு பேருக்கு வாசிச்சுக் காட்ட முடியாதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்ல?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து, அன்று சாயங்காலமே ஆய்வின் தலைமைக்குத் தன் பெயரைப் போட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். எதைச் சொல்லவில்லை, யார் வரிசையில் நிற்க வைத்தார், வீரலட்சுமிக்கு என்ன ஆனது என்று எல்லாவற்றையும் எழுதினாள். நான்காம் நாள் உத்தரவு வந்தது. நாற்பத்தாறு கையெழுத்தும் செல்லாது. அந்த ஊரின் குலுக்கலும் ரத்து. ஆலைக்குப் பக்கத்தில் வைக்காமல், ஃபோர்மேன் இல்லாமல், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மணிகண்டராஜிடம் விளக்கம் கேட்டார்கள். அவளுக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டாள்.

ஆனால் போன வேலையை எந்த உத்தரவாலும் திருப்பித் தர முடியவில்லை. வீரலட்சுமி அதே ஆலைக்குப் போய்க் கேட்டபோது, பின்னல் வேலை இல்லை, பெட்டி சுமப்பதானால் வா என்றார் சீனிச்சாமி. இருமிக்கொண்டே சுமந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் சமுதாயக்கூடத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். முதலில் நகலைக் கொடுத்துவிட்டு யோகலட்சுமி நான்கு பக்கத்தையும் வாசித்தாள். அன்றைக்கு ஏமாற்றியது தான்தான் என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். கேள்விகள் கிளம்பின. பயிற்சிக்குப் போனால் அந்த ஆறு மாதம் வீட்டுக்கு வருமானம் ஏது? குலுக்கலில் விழாவிட்டால் அடுத்த வருடம் உண்டா? இங்கே சொல்வதெல்லாம் சீனிச்சாமி காதுக்குப் போகுமா? தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றே சொன்னாள்.

ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது வீரலட்சுமி நகலை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வேண்டாம். விழுந்தா சரி. விழாட்டி ரெண்டு வருசம் வீட்டுக்கு வந்து, கெடைக்காதவ எப்படி இருக்கான்னு எழுதிட்டுப் போவீக. அத என்னால தாங்க முடியாது. வேண்டாம்னு சொல்லலாம்னு இதுலயே போட்டிருக்குல்ல? சொல்லுதேன்."

யோகலட்சுமி வற்புறுத்தவில்லை. 'சம்மதம் இல்லை' என்று அவள் கண் முன்னாலேயே எழுதினாள்.

கூடத்தைப் பூட்டுவதற்குள் மணிகண்டராஜின் போன் வந்தது. "எத்தனை தேறுச்சு?"

"இருபத்தேழு சார். பத்தொன்பது பேர் வேண்டாம்னுட்டாங்க."

"பத்தொன்பதா?" அவர் குரல் அதிர்ந்தது. "அன்னைக்கு எல்லாரும் போட்டாங்களே!"

"அன்னைக்கு யாரும் சம்மதிக்கல சார். நாமதான் கையெழுத்தைப் பிடுங்கினோம்" என்றாள் யோகலட்சுமி. "எதுக்குன்னு புரியாம, மாட்டேன்னு சொல்லவும் முடியாம ஒரு ஆள் போடுற கையெழுத்து சம்மதமே இல்ல. படிக்காதவங்கதானே, ஏழைங்கதானேன்னு நாம முழுங்குற ஒவ்வொரு வரியும் அவங்க பொழப்புல போய் விழுது."

போனை வைத்துவிட்டு, 'சம்மதம் இல்லை' என்று எழுதிய பத்தொன்பது படிவங்களையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி, கூடத்தைப் பூட்டினாள்.