பெரிய மணல்கோழி

கனகாம்பாள் வாசற்கதவைப் பாதி திறந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். வெளியே பிச்சுமணி குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உள்ளே போய் ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ. அது பெரிசுதான்னு."

"மன்னி..."

"ஒரு பட்சிக்கு வேண்டி மூணு வருஷம் பேசாம மிண்டாம இருந்தாச்சு. போறும்."

அவள் கணவர் வெங்கிடாசலம் மட்டாஞ்சேரியில் டிராயிங் மாஸ்டர். பிச்சுமணி திருப்பூணித்துறையில் தபால் குமாஸ்தா. ஞாயிறுதோறும் இருவரும் காயலோரச் சேற்றில் மணல்கோழி பார்த்து அலைந்தவர்கள். அதில் சின்னது, பெரிசு என்று இரண்டு ஜாதி. இரண்டும் ஒரே மண்நிறம். பெரிசுக்கு அலகும் காலும் சற்று நீளம். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தெரியும், தனியாக நின்றால் சத்தியம் செய்ய முடியாது. பறக்கும்போது வாலைத் தாண்டிக் கால்விரல்கள் நீண்டால் பெரிசு என்று துணிந்து சொல்லலாம். ஐம்பத்தெட்டாம் வருஷ மார்கழியில், தனியாகப் போன வெங்கிடாசலம் அப்படிப் பறக்கும் ஒன்றைப் பார்த்ததாகப் படம் வரைந்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார். அச்சிலும் வந்தது. "நிஜமாவே பார்த்தியாடா?" என்று பிச்சுமணி கேட்டார். அதோடு பேச்சு நின்றது.

பிச்சுமணி கட்டிலோரம் உட்கார்ந்து நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கேட்டதைச் சொல்லவில்லை. நோயாளியின் நெஞ்சு இழுத்து இழுத்து அடங்கியது. கனகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டேளா, பிச்சுமணி சம்மதிச்சுட்டார். அது பெரிசுதானாம்."

வெங்கிடாசலம் கண்ணைத் திறந்தார்.

"நீ சொன்னியாடா?"

"இல்லை."

வெங்கிடாசலம் அவர் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அது பறக்கவே இல்லைடா. அரைமணி நேரம் நானும் நின்னேன், அதுவும் நின்னுது. வீட்டுக்கு வந்து நான்தான் பறக்கவிட்டு வரைஞ்சேன்."

பிச்சுமணி அவர் கையைத் தடவிக்கொடுத்தார்.

"போன ஓணத்துக்கு நீ வருவேன்னு நெனைச்சேன். சொல்லிடலாம்னு இருந்தேன்."

கனகாம்பாள் தரையைப் பார்த்தாள். ஓணத்தன்று பிச்சுமணி வந்திருந்தார். 'அவருக்கு உங்களைப் பார்க்க இஷ்டமில்லை' என்று வாசலோடு திருப்பி அனுப்பியவள் அவள்தான். கணவரிடம் கேட்கக்கூட இல்லை.

பிச்சுமணி ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வரணம்னுதான் இருந்தேன். அன்னைக்கு நல்ல மழைடா. காயல்ல போட்டு ஒண்ணும் ஓடலை."

வெங்கிடாசலம் தலையசைத்தார். மூன்றரை மணிக்கு மூச்சு நின்றது.

பாடை தூக்க மூன்று பேர்தான் தேறினார்கள். நான்காவதாகப் பிச்சுமணி சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். மற்றவர்களைவிட அவர் குள்ளம். அவர் பிடித்த தலைமாட்டுப் பக்கம் சரிந்தது. இறக்கச் சொல்லி, துண்டை நாலாக, பிறகு எட்டாக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டார்.

கனகாம்பாள் கதவோரம் நின்று பார்த்தாள். இந்த முறை மூங்கில் மட்டமாக நின்றது. தெருமுனை திரும்பும்வரை அவர் ஒரு கையால் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.