தவக்காலத்து லீவு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு செல்ஃபி எடுத்து, "ஈஸ்டர் வரைக்கும் இன்ஸ்டாவுக்கு லீவு" என்று போட்டேன். போட்டவள் சும்மா இருந்தேனா? எத்தனை லைக் என்று பார்க்க அன்றைக்கே நாற்பது தடவை திறந்தேன். எம்.எஸ்சி. படிக்கிற கழுதைக்கு வெட்கமே இல்லை. ராத்தூக்கமும் போனது.

வெள்ளிக்கிழமை ஆர்.எஸ்.புரத்து மாதா கோயிலில் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம். தடுப்புக்கு இந்தப் பக்கம் மண்டியிட்டு, "ரெண்டே தடவ தொறந்துபோட்டேனுங்க ஃபாதர்" என்றேன்.

"பொய்யையும் சேத்துச் சொல்லு, ஜெனிதா கண்ணு" என்றார் ஃபாதர் பெனடிக்ட். "இன்னிக்கு நான் இன்ஸ்டாவுல போட்ட அஞ்சு ஸ்டோரியையும் மொதல்ல பாத்தது நீதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யார் பாத்தாங்கன்னு நீங்க எத்தன தடவ பாத்தீங்க ஃபாதர்?"

அந்தப் பக்கம் இருந்து மெதுவாகச் சொன்னார்:

"பரிகாரம் பத்து அருள்நிறை மரியே ஜெபம். உனக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு."