புகைக்குள் மறைந்த கைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் லோகு வேலை செய்தான். வயது நாற்பது, கையில் பென்சில் இருந்தால் பத்து. புதுவாயல் பழைய பேப்பர் கடையில் பொறுக்கிய சித்திரக்கதைகளைப் பார்த்தே வரையக் கற்றவன். அவனுக்கு ஒரே குரு, ஓவியர் மணிவேந்தன். அந்த மகான் குதிரையை வரைந்தால் தூசி நம் மூக்கில் ஏறும். ஆனால் கை மட்டும் அவருக்கு வராது. அவருடைய வீரர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே சண்டைக்கு வருவார்கள். சுடும்போது மணிக்கட்டுவரை புகை மூடிவிடும். லோகு அந்தப் புகையையும் பக்தியோடு கற்றுக்கொண்டான்.

பாதுகாப்பு வாரம் வந்தது. தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தும், வியர்க்கிறது என்று யாரும் கையுறை போடுவதில்லை. கையுறையை வலியுறுத்தி ஒரு படம் வரைய லோகுவிடம் சொன்னார் பாதுகாப்பு அதிகாரி கல்பனா. வந்த படத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னா லோகு, கையுறைப் படத்துல கையே காணோம்? ஒரே பொகையா கீது?"

"அது ஸ்டைலு மேடம்."

"நாளைக்குக் கை வரணும். இல்லன்னா நெட்லருந்து ஒரு படம் எடுத்து ஒட்டிடுவேன்."

'கம்பெனியில எங்க ஊட்டுக்காரு படம் மாட்றாங்க' என்று லோகுவின் மனைவி ரம்யா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் வரைந்து பார்த்தான். முதல் கை வாழைச்சீப்பாக வந்தது. இரண்டாவது, தோசைக் கரண்டி.

பக்கத்து மெஷின் ஆசீர்வாதம் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டு வலக்கையை நீட்டினார். "இத்தப் பாத்து வரை."

"நீ துண்ணுணா. இடது கைய குடு, போதும்."

"நல்ல காரியத்துக்கு இடது கையா? வரைடா."

மணி அடிக்கும்வரை கை அசையவில்லை; சோறும் அப்படியே இருந்தது. அந்தக் கையின் சுண்டு விரல் மடங்காது. லோகு கண்டதைக் கண்டபடி வரைந்தான்: குதிரை வீரன் ஒருவன் கையுறையை எடுக்கக் கை நீட்டுகிறான், சுண்டு விரல் மட்டும் விறைப்பாக நிற்கிறது.

மறுநாள் டீ நேரத்தில் படத்தை மாட்டியதும் ஒரே சிரிப்பு.

"இன்னாபா, சுண்டு வெரலு கோச்சிக்கினு தனியா நிக்குது?" என்றான் மோகன்ராஜ்.

கல்பனாவுக்கும் சிரிப்பு வந்தது. "அந்த விரல மட்டும் மடக்கிடு லோகு. இல்லன்னா படத்த எடுத்துருவேன்."

ஒரு வார்த்தை சொன்னால் லோகுவின் மானம் தப்பும். கூட்டத்தின் கடைசியில் ஆசீர்வாதம் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தான். "தப்பா வந்துச்சி மேடம்," என்று ரப்பரை எடுத்தான்.

"அழிக்காத!" ஆசீர்வாதம் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, படத்தின் பக்கத்தில் தன் கையை வைத்தார். "தப்பில்ல மேடம், என் கை. ஆறு வருசமா இப்டித்தான். ஒரே ஒரு நாளு கையுறை போடல; தகடு நரம்ப அறுத்துடுச்சி."

சிரிப்பு நின்றது. மோகன்ராஜ் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கையுறைப் பெட்டிப் பக்கம் நகர்ந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் நகர்ந்தார்கள். பெட்டி காலியாகி, கல்பனா ஸ்டோருக்கு ஓட வேண்டியதாயிற்று.

ஆசீர்வாதம் படத்தை விட்டு நகரவில்லை. "கை என்னுது. மூஞ்சி யாருது?"

"மணிவேந்தன் போடற ஹீரோ மூஞ்சிணா. வோணும்னா மாத்திடறேன்."

"வோணாம், வோணாம்," என்றார் அவசரமாக. "ஊட்டுக்காரி ஞானம்மாகிட்ட ரெண்டுமே நான்தான்னு சொல்லிக்கிறேன்."