முதல் டம்ளர்

1978 ஜூன் 15, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள சந்தில், ஐயாயிரம் லிட்டர் கொள்ளும் குடிநீர்த் தொட்டி ஒன்று திறந்துவைக்கப்பட்டது.

கட்டியது ஊரிலுள்ள ஒரு சேவைச் சங்கம். வக்கீல்கள், டாக்டர்கள், ஏற்றுமதிக்காரர்கள் என்று இருபது பேர் அதில் இருந்தார்கள். செயலாளர் கல்யாணராமனுக்கு நாற்பத்தாறு வயது. மிளகுக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் கெமிஸ்டாக இருந்தார். சந்தின் மூலையில், தோடு என்று அங்கே சொல்லும் சாக்கடை வாய்க்காலுக்குப் பக்கத்தில் பாழாய்க் கிடந்த கிணற்றைக் கண்டுபிடித்ததும், மார்ச் மாதம் அதன் தண்ணீரைச் சோதித்து நல்ல தண்ணீர் என்று சொன்னதும் அவர்தான். சங்கம் கிணற்றைத் தூர் வாரி, மூடி போட்டு, மோட்டார் வைத்துத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது.

சந்தில் முப்பத்தொரு வீடுகள். முக்கால்வாசிப் பேர் விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கிடங்குகளில் சுக்கு சுரண்டிப் புடைக்கிறவர்கள். தெருக் குழாயில் கிடைத்த தண்ணீரை, கிடங்கில் கழித்த சுக்குத் தூளைப் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். வந்த இடத்தில் கற்றுக்கொண்ட பழக்கம் அது. மண்ணெண்ணெய் வாங்குகிற காசில் பாதி அந்தக் கொதிக்கிற சட்டிக்கே போயிற்று. அதனால்தான் கல்யாணராமன் ஞாயிறுதோறும் வந்து, "தொட்டி வரட்டும், அப்பறம் ஒருத்தரும் தண்ணியைக் காய்ச்ச வேண்டாம்" என்று ஆறு மாதமாகச் சொல்லி வந்தார். மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியும் வைத்தார்.

அவர் சொன்னதை முதலில் நம்பியவள் மூக்கம்மாள். அவள் புருஷன் ராமர் எறணாகுளம் பிராட்வேயில் சுமை தூக்கினான். சனிக்கிழமை போட்டில் வந்து திங்கட்கிழமை போய்விடுவான். மகள் சீனியம்மாளுக்கு ஆறு வயது. தொட்டி வேலை நடந்த நாளெல்லாம் அவள் செங்கல் குவியலின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, தொட்டிக்குள்ள மீனு விடுவீகளா?"

"எதுக்குடி மீன்?"

"எங்க ஊருக் கெணத்துல உண்டு. அழுக்கை எல்லாம் அது தின்னுரும்."

"இங்கே மீன் வேண்டாம். வெள்ளைப் பவுடர் போடுவேன். அது தின்னுடும்."

"பவுடருக்கு வாயி எங்க இருக்கு?" என்று அவள் கேட்டதற்குக் கொத்தனார்கள் சிரித்தார்கள். கல்யாணராமனும் சிரித்தார்.

திறப்பு விழா ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. முந்தின நாளே பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். பிறகு தினமும் அளவாகப் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் கல்யாணராமன் பவுடர் டப்பாவைக் கையிலெடுத்த நேரத்தில் சங்கத் தலைவர் பிச்சுமணி வக்கீல் குடையும் தானுமாக வந்து நின்றார்.

"ஓய், என்ன பண்றீர்?"

"பவுடர் போடணும்."

"நன்னாப் போட்டீர். நாளைக்குத் திறந்துவைக்க வரவர் கோயம்புத்தூராக்கும். சிறுவாணி குடிச்சு வளர்ந்த நாக்கு. மொதல் டம்ளரை வாயிலே விட்டுண்டு மூஞ்சியைச் சுளிச்சார்னா போட்டோவிலே எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நாறும் ஓய் அது."

சங்கம் எதைக் கட்டினாலும் முதல் டம்ளர் விருந்தாளிக்கு. வெள்ளி டம்ளரில் கொடுப்பார்கள், அவர் குடிப்பார், படம் எடுப்பார்கள். அந்தப் படம் சங்கத்தின் பத்திரிகையில் வரும்.

"மழை பிடிச்சாச்சு. தோடு நிறைஞ்சு ஓடறது. கிணத்துக்கும் தோட்டுக்கும் எத்தனை தூரம்? போடாம விடப்படாது."

"ஒரு நாள் ஓய். அவர் குடிச்சுட்டுப் போகட்டும், மத்தியானமே போட்டுக்கோரும். அதுவரைக்கும் குழாயைப் பூட்டி வச்சுட்டாப் போச்சு."

ஒரு நாள்தானே என்று கல்யாணராமன் டப்பாவை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வரவில்லை. மழையில் மரம் விழுந்து ரயில் நின்றுவிட்டது; வியாழக்கிழமை வருகிறேன் என்று தந்தி வந்தது. திங்கட்கிழமை கல்யாணராமன் பிச்சுமணிக்கு டெலிபோன் செய்தார். "மூணு நாள்தானே, இப்போ போட்டு நாற விடுவானேன்?" என்றார் அவர்.

அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து திரும்பும் வழியில் மூக்கம்மாள் மறித்தாள். இடுப்பில் காலிக் குடம்.

"நேத்திருந்து தெருக் குழாயில பொட்டுத் தண்ணி இல்ல சாமி. எங்கயோ ஒடைஞ்சு போச்சாம். அடுத்த தெருவுல கேட்டா, 'இவிடெயும் இல்லா'ன்னு கதவைச் சாத்துதாக. தலைக்கு மேல தொட்டி நெறையத் தண்ணி நிக்கி. அதைப் பாத்துக்கிட்டே தாகத்துல கெடக்கோம்."

பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. தொட்டியைக் கட்டிவிட்டு அதைப் பூட்டி வைத்திருப்பது அவருக்கே அசிங்கமாகப் பட்டது. திறந்துவிட்டார். வரிசை போட்டுக் குடங்கள் நிறைந்தன. சீனியம்மாள் குழாயடியில் இரண்டு கையையும் ஏந்தி நின்று, "சாமி, பவுடர் வந்துருச்சா?" என்றாள். அவர் காதில் விழாதது போல் இருந்தார்.

மூக்கம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

"காய்ச்சணுமா சாமி?"

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஊரில் அவருக்கு ஒருவருக்குத்தான் தெரியும். காய்ச்ச வேண்டும் என்றால், ஆறு மாதமாகச் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். பவுடர் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள். விருந்தாளியின் நாக்குக்காக என்று அவர்களிடம் சொல்ல முடியாது. மார்ச்சில் நல்ல தண்ணீராக இருந்ததுதானே என்று மனம் ஒரு வழி காட்டியது.

"வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. தோரணம் கட்டியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் நாடாவை வெட்டினார். பிச்சுமணியின் மனைவி சீதாலக்ஷ்மி வெள்ளி டம்ளரை நீட்ட, அவர் ஒரே மூச்சில் குடித்து, "தேன்!" என்றார். கை தட்டினார்கள். முதல் குடத்தை மூக்கம்மாளிடம் கொடுப்பதாக ஏற்பாடு. பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் இல்லை. வேறொரு பெண் வந்து வாங்கிக்கொண்டாள்.

மேஜை விரிப்பை மடிக்கும்போது கல்யாணராமன் அதன் கீழே ஒரு பிளாஸ்கைப் பார்த்தார்.

"இது என்ன மாமி?"

"எங்காத்துலேருந்து காய்ச்சி ஆத்திக் கொண்டுவந்த குடிக்கற வெள்ளம்" என்றாள் சீதாலக்ஷ்மி குரலைத் தாழ்த்தி. "பெரிய மனுஷருக்கு வயத்துக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா? எதுக்கு வம்புன்னு அதைத்தான் விட்டுக் கொடுத்தேன். இவருக்குக்கூடத் தெரியாது. நீங்க சொல்லிடாதேங்கோ."

அவர் பிளாஸ்கை அப்படியே வைத்தார். குடத்தை வாங்கிய பெண்ணிடம் போய், மூக்கம்மாள் எங்கே என்று கேட்டார்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கா. நேத்துக் காலையிலருந்து நிக்காமப் போகுது, வாந்தி வேற. எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு படுத்துட்டாக."

கல்யாணராமன் குழாயைப் பூட்டினார். பந்தல்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல வேட்டியோடு ஏணியில் ஏறி, டப்பா முழுவதையும் தொட்டியில் கொட்டினார். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் பாயில் கிடந்தாள் சீனியம்மாள். கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் ஊசி ஏற நரம்பு அகப்படவில்லை என்று நர்ஸ் மலையாளத்தில் சொன்னாள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளை போய்விட்டது. சந்தில் மேலும் பதினோரு பேர் படுத்து எழுந்தார்கள்.

சந்தில் அவர் வெள்ளிக்கிழமை கிணற்றிலிருந்து எடுத்துச் சோதித்த தண்ணீரில் தோட்டுச் சாக்கடை கலந்திருந்தது. மாத அறிக்கையில் அவர் மூன்று வரி எழுதினார். பவுடர் போடவில்லை. குழாயைத் திறந்தது நான். காய்ச்ச வேண்டாம் என்றதும் நான்.

பிச்சுமணி அதை இரண்டு தடவை படித்தார்.

"போடாதேன்னு சொன்னது நானாக்கும். அதை ஏன் எழுதலை?"

"கெமிஸ்ட் நீரில்லை."

"இது வெளியிலே போனா தொட்டியை மூடிடுவா ஓய். அப்பறம் அவாளுக்கு அதுவும் இல்லை. யோசிச்சுப் பாரும்." சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணராமன் திருப்பிக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த பிறகு மூக்கம்மாள் வீட்டுக்குப் போனார். ராமர் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பவுடரை, டம்ளரை, தெரிந்தே வேண்டாம் என்றதை. பிளாஸ்கைப் பற்றியும் சொன்னார்.

"அன்னைக்கு அடுப்புல சட்டிய ஏத்திட்டுத்தான் சாமி தண்ணிக்கு வந்தேன்" என்றாள் கடைசியில். "சுக்குத் தூளும் போட்டு வச்சிருந்தேன். நீங்க சொன்னீகன்னு போயி எறக்கி வச்சேன்."

அவர் திரும்பி நடந்தார்.

ஆவணி பிறந்ததும் மூக்கம்மாளும் ராமரும் அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். கல்யாணராமன் சங்கத்திலிருந்து விலகினார். தினமும் காலையில் வந்து தொட்டிக்குப் பவுடர் மட்டும் போட்டார். டிசம்பரில் எடுத்த சோதனையில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. சந்தில் எல்லோரும் அதைக் காய்ச்சித்தான் குடித்தார்கள்.