இழுக்க ஒரு வண்டி, தூங்க ஒரு வண்டி

1

இந்தக் கதை பட்டறை வாசலில் நிற்கும் ஒரு ட்ரெய்லரின் நிழலில் பிறந்தது. சாப்பாட்டு இடைவேளை. நிழல் இருந்தது, பேனா இருந்தது. முடி நரைத்த பிறகு எழுத்துப் பழகியவனுக்கு இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பளபளக்கும் ஷோரூமுக்குள் நுழைந்த வெல்டரின் கண்களில் ஆயிரம் கனவுகள்…’ அடித்துவிட்டேன். அன்று அவர் கண்ணில் இருந்தது இரும்புத் தூள். காலையில் கிரைண்டரில் இருந்து தெறித்தது. நாள் பூராவும் கசக்கிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் ஒரு வரி வந்தது: ‘அவர் மனைவிக்குத் தூக்கம் வருவதில்லை.’ இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

2

நூல் ஆலையில் வருஷக்கணக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்தவள். ஆலையை மூடிவிட்டார்கள். உடம்புக்கு அது தெரியவில்லை. படுக்கையில் விழுந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடப்பாள். ஆனால் ஓடுகிற எதில் ஏறினாலும் கண் சொருகிவிடும். பஸ், ஆட்டோ, காய்கறி லாரியின் முன்சீட்டு, எதுவானாலும் சரி. பல் டாக்டரிடம் போகப் புறப்பட்டவள் கடைசி ஸ்டாப் வரை தூங்கிப்போய், அதே பஸ்ஸில் திரும்பவும் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். பல் வலியோடுதான். வெல்டர் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். பாதியில் சிரிப்பு நின்றுபோகும்.

ஆகவே சக்கரத்தின் மேல் ஒரு அறை அடிக்க ஆரம்பித்தார். உள்ளே கட்டில், தலைமாட்டில் ஜன்னல், முன்னால் வண்டியில் மாட்டக் கொக்கி.

“நான் பாட்டுக்கு ஓட்டிட்டே இருப்பேன். நீ பாட்டுக்குத் தூங்கிட்டே வா” என்றார் அவளிடம்.

“எங்க போறதுக்கு?”

“எங்கயும் இல்ல. சும்மா ஓட்டுறதுதான்.”

(வெல்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு இரும்பைச் சேர்த்துவிடுவார்கள். கட்டில் ஆடுமோ? ஒரு ஆங்கிள். ஜன்னல் அதிருமோ? இன்னொரு ஆங்கிள். எனக்கும் அந்த வியாதி ஒட்டியிருக்கிறது. இந்தப் பத்தியில் ஏற்கெனவே நாலு வாக்கியத்தைக் கழற்றிப் போட்டாயிற்று. இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.)

3

ட்ரெய்லர் முடிந்தது. இழுக்க வண்டி வேண்டும். ஷோரூமுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். கூடவே அவள் தம்பியும்.*

* அது நான்தான். அவனைக் கதையில் இருந்து தூக்கிவிடப் பார்த்தேன். அப்புறம் விளம்பரத் தாளை யார் படித்துச் சொல்வது? தாளும் கையுமாக மூலையில் நிற்கட்டும்.

உள்ளே இரண்டு எஸ்.யு.வி. நின்றன. ஒன்று கறுப்பு, லாரிக்குத் தம்பி மாதிரி. இன்னொன்று சாம்பல் நிறம், அடக்கமானது.

“ட்ரெய்லர் என்ன வெயிட் சார் வரும்?” என்றார் விற்பனையாளர்.

“நாலு பேர் தள்ளினா நகரும்.”

“எந்த மாதிரி நாலு பேர்?”

“பட்டறை ஆளுங்க.”

விற்பனையாளர் ஒரு நிமிஷம் அந்த நாலு பேரையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார். “அப்ப கறுப்புதான் சார். சின்னது தாங்காது. இறக்கத்துல ட்ரெய்லர் வண்டியத் தள்ளிட்டுப் போயிடும். ஆமா, உள்ள என்ன ஏத்தப் போறீங்க?”

“என் வீட்டுக்காரிய.”

“வண்டி ஓடும்போதா?”

“ஓடினாத்தான அவளுக்குத் தூக்கம் வரும்.”

“ஐயோ, கூடாது சார்! வளைவுல ட்ரெய்லர் வால் ஆட்டுச்சுன்னா, முன்னாடி இருக்குற உங்களுக்குத் தெரியுறதுக்குள்ள அவங்க உருண்டு கிடப்பாங்க. ஓடுற ட்ரெய்லர்ல ஆளே இருக்கக் கூடாது.”

வெல்டர் கண்ணைக் கசக்குவதை நிறுத்தினார். பற்ற வைத்த மூட்டு ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. கட்டில் உருளுமா என்று ஆயிரம் தடவை யோசித்து, அதைத் தரையோடு சேர்த்துப் பற்ற வைத்தவர் அவர். கட்டிலில் இருப்பவள் உருளுவாள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

“உனக்குத் தெரியுமாடா மாப்ள?”

“நான் நிறுத்தி வச்சுத் தூங்கன்னு நினைச்சேன் மாமா.”

“நிறுத்தினா அவ எங்கடா தூங்குறா?”

4

இந்த இடத்தில் அவளை நான் சரியாக எழுதவில்லை. முதல் பிரதியில், ‘பொறுமையின் வடிவான அவள் ஓர் ஓரமாக…’ என்று போட்டிருந்தேன். என் அக்காவுக்கும் பொறுமைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. உள்ளே நுழைந்ததுமே கறுப்பு வண்டியின் பின்சீட்டில் தொப்பென்று உட்கார்ந்து பார்த்தாள்.

“இதுவும் நீங்க அடிச்சதுதானா? உங்க கட்டில் மாதிரியே குத்துது!” என்று புருஷனைக் கேட்டுவிட்டு, இறங்கி எங்கோ போய்விட்டாள்.

இப்போது தேடினார்கள். சாம்பல் வண்டியின் கதவோரம் அவள் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. வீட்டுக்குள் போகிறவள் மாதிரி கழற்றி விட்டிருந்தாள். பின்சீட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

நிற்கிற வண்டியில்!

வெல்டர் கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. ஷோரூமின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரு ஓடிக்கொண்டிருந்தது. பஸ்களின் நிழல் இந்த ஜன்னலில் ஏறி, அவள் முகத்தைத் தடவி, அந்த ஜன்னலில் இறங்கிப் போனது. நிழலுக்குப் பின்னால் வெயில், வெயிலுக்குப் பின்னால் நிழல். வண்டி நின்றது, ஊர் அதைத் தாண்டி ஓடியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

5

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

கறுப்பு வண்டியை வாங்குகிறார். ட்ரெய்லர் ஜம்மென்று பின்னால் வருகிறது. குத்துகிற சீட்டில் அவள் கொட்டக் கொட்ட விழித்தபடி, பின்கண்ணாடியில் துரத்தி வரும் காலிக் கட்டிலைப் பார்க்கிறாள்.

அல்லது சாம்பல் வண்டியை வாங்குகிறார். அது இழுக்கும் அளவுக்கு வருமட்டும் ட்ரெய்லரில் ஒவ்வொரு ஆங்கிளாக அறுக்கிறார். அறுக்க அறுக்க, கடைசியில் இரண்டு சக்கரமும் கொக்கியும்… (இதை எழுதும்போது கை ஓடவில்லை. அவர் அறுப்பதை நான் பார்க்க வேண்டியிருக்கும்.)

அல்லது சாம்பல் வண்டி மட்டும் போதும், ட்ரெய்லர் பட்டறை வாசலிலேயே நிற்கட்டும். எனக்கு நிழல் மிஞ்சும். அதனால் இந்த முடிவை நானே நம்பவில்லை.

எதை எழுதினாலும் முதலில் அவளை எழுப்பியாக வேண்டும்.

விற்பனையாளர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “சார், இன்னொருத்தர் இந்த வண்டியப் பாக்கணுங்கிறார். எழுப்பட்டுமா?”

ஆயுசு பூராவும் கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்தியே பேசிய மனிதர், உதட்டில் விரல் வைத்தார். குனிந்து அவள் செருப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, கதவுக்குக் குறுக்கே நின்றார்.

“மாப்ள, அந்தத் தாள மடிக்காத. சத்தம் வருது.”

நான் மடிக்கவில்லை. இப்போதும் மடிக்கப்போவதில்லை. கடைசி வாக்கியம் கதவு மாதிரி, எவ்வளவு மெதுவாகச் சாத்தினாலும் ஒரு சத்தம் வரும். எந்த வண்டி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். படிக்கும்போது உதடு அசையும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இருந்தால் இங்கே மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு பஸ் வருகிறது. நிழல் கண்ணாடியில் ஏறுகிறது, அவள் கன்னத்தைத் தொட்டு, மெல்ல