மறுபடியும் தொட்டுவிட்டானா?

குளியலறையில் ஏதோ தடாலென்று விழுந்த சத்தம் கேட்டதும் அக்காவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தேகம்தான். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். தம்பி தரையில் உட்கார்ந்து, வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தான். புருவத்துக்கு மேலே தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வழுக்கிடுச்சுக்கா," என்றான்.

தரை காய்ந்து கிடந்தது. அவள் தரையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அக்காவுக்கு நகர ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. டிக்கெட் எடுக்காதவன் எவன் என்பது பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். சிலர் திடீரென்று தூங்கிப்போவார்கள், சிலர் இல்லாத டிக்கெட்டை எல்லாப் பைகளிலும் ரொம்பப் பொறுமையாகத் தேடுவார்கள். "உங்க கண்ணு எக்ஸ்ரே மெஷின்" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கண்ணால்தான் இப்போது தம்பியின் கண்மணிகளைப் பார்த்தாள். போதை ஏறினால் சிறுத்துவிடுமே, அப்படிக் கடுகு மாதிரிச் சிறுத்திருக்கிறதா? சிறுத்துத்தான் இருந்தது. ஆனால் அவன் கண்மணி எப்போதுமே கொஞ்சம் சிறுத்துத்தான் இருக்கும். தினமும் குடிக்கும் மருந்து செய்கிற வேலை அது.

ஒரு காலத்தில் அவன் ஹெராயின் தூளுக்கு அடிமையாகிக் கிடந்தவன். அம்மா செத்த வீட்டில், துக்கம் கேட்க வந்தவர்களின் கைப்பைகளில் கை வைத்தவன். 'நான் மாறிட்டேன்க்கா' என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் அக்கா நம்பினாள், ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வினாள். கடைசியில் அவனைத் தூக்கி நிறுத்தியது, தூளுக்குப் பதிலாகக் கொடுக்கும் மெத்தடோன் என்ற மருந்துதான். தினமும் காலையில் சிகிச்சை மையத்துக்குப் போய், நர்ஸின் கண்ணெதிரே ஒரு சின்ன பிளாஸ்டிக் கோப்பையில் குடிக்க வேண்டும். குடித்ததும் வாயைத் திறந்து காட்டி இரண்டு வார்த்தை பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய் விற்றுவிடக்கூடாது அல்லவா? பதின்மூன்று வருடங்களாக அப்படிக் குடித்துக்கொண்டே அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டான். கை சுத்தம். நகரத்தின் பாதி உயரக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவன் காய்ந்த தரையில் வழுக்கி விழுகிறான்.

காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். "உண்மையச் சொல்லு. மறுபடியும் தொட்டுட்டியா?"

"தலை சுத்திச்சுக்கா. அவ்வளவுதான்."

"இப்பதான் வழுக்கிச்சுன்ன?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் தெருவைத் தாண்டும் வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு அக்கா அவனுடைய அறைக்குள் போனாள். பழைய நாட்களில் எங்கெல்லாம் ஒளிப்பான் என்பது அவளுக்கு அத்துப்படி. மெத்தைக்கு அடியில், சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால், சுருட்டிய காலுறைக்குள் என்று எல்லா இடமும் பார்த்தாள். ஊசி இல்லை, பொட்டலம் இல்லை, கருகிய தகடு இல்லை. ஆனால் குளிர்கால பூட்ஸுக்குள் ஒரு மாத்திரை அட்டை கிடைத்தது. பாதி தீர்ந்திருந்தது. பூட்ஸுக்குள் மாத்திரை வைப்பவன் என்ன யோக்கியமான மாத்திரையா வைத்திருப்பான்? அவள் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிக்கும் வரை வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையில் அவன் கிளம்பியதும், தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, நிறைய இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனாள். ஐம்பது வயதுக்கு மேல் சொந்தத் தம்பியை உளவு பார்ப்பது அவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

மையத்துக்குள் போனவன் சீக்கிரமே வெளியே வந்தான். வழக்கமாக அங்கிருந்து நேரே ரயில் நிலையத்துக்குப் போவான். இன்றைக்கு எதிர்ப்பக்கம் திரும்பினான். ஒரு சைக்கிள் கடையைத் தாண்டி, மூடிக்கிடந்த சினிமா கொட்டகையின் வாசலில் நின்றான். அங்கே தொப்பி போட்ட ஒருவன் காத்திருந்தான். அக்காவுக்கு அந்தத் தொப்பிக்காரனைத் தெரியும். பழைய கூட்டாளி. ஒரே சந்தில் ஒரே ஊசியைப் பங்கு போட்டவர்கள்.

இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். தொப்பிக்காரன் அடிக்கடி கையை நெஞ்சில் வைத்துக் காட்டினான். தம்பி ஏதோ கேட்டான். தொப்பிக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. தெருவைக் கடந்து விறுவிறுவென்று போய் முன்னால் நின்றாள்.

"என்னடா இது? இதுக்குத்தான் தினமும் காலையில கிளம்புறியா?"

தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். "அக்கா, நீ எங்க இங்க?" என்று ஆரம்பித்தவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண்கள் மேலே செருகின. வேரறுந்த மரம் மாதிரி அப்படியே சாய்ந்தான். தரையில் கிடந்தபடி கையும் காலும் இழுத்துக்கொண்டன.

"என்னத்தடா குடுத்த அவனுக்கு?" என்று தொப்பிக்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள் அக்கா.

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலக்கா! முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இதேதான்! நெட்டையனுக்கும் இதேதான் நடந்துச்சு!"

ஆம்புலன்ஸ் வருவதற்குள் தம்பிக்கு நினைவு திரும்பிவிட்டது. பேந்தப் பேந்த விழித்தான். வந்த இரண்டு பேரில் மூத்தவரிடம் அக்கா மூச்சு வாங்கச் சொன்னாள். "பழைய போதைக்காரன் சார். மறுபடியும் ஆரம்பிச்சுட்டான் போல. அதை முறிக்கிற மருந்து இருக்குமே, அதைக் குடுங்க."

அவர் தம்பியின் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், மூச்சைக் கவனித்தார். "நல்லா மூச்சு விடுறாரேம்மா. பேசவும் செய்யுறார். முதல்ல நெஞ்சைப் பார்த்துடுவோம்," என்றார்.

நெஞ்சில் ஒயர்களை ஒட்டி வண்டியில் ஏற்றினார்கள். அக்காவும் ஏறிக்கொண்டாள். வண்டி ஒரு திருப்பம் திரும்பியிருக்கும், சின்னத் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு திடீரென்று முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி சுழல ஆரம்பித்தது. தம்பியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. "எட்டி உட்காருங்கம்மா!" என்று மூத்தவர் கத்தினார். மின்சார அதிர்ச்சியில் அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கோடு மறுபடியும் பழையபடி துள்ளத் தொடங்கியது.

அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இதய மருத்துவர், ஒல்லியான பெண், வந்ததுமே கேட்ட முதல் கேள்வி, "என்னென்ன மருந்து சாப்பிடுறார்?"

"மெத்தடோன். பதின்மூணு வருஷமா," என்றாள் அக்கா. பிறகு தயங்கி, கைப்பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். "இதுவும். இது என்னன்னு தெரியல."

மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது சளிக்குக் குடுக்குற ஆன்டிபயாட்டிக். சும்மா பார்த்தா சாதாரண மருந்து. ஆனா மெத்தடோன் எடுக்குறவங்களுக்கு இதைக் குடுக்கவே கூடாது. யார் குடுத்தா?"

அது தம்பிக்குத்தான் தெரியும். நரம்பில் உப்புச் சத்து ஏறி, அவன் நிதானத்துக்கு வந்த பிறகுதான் மருத்துவர் உட்கார்ந்து விளக்கினார். இதயம் ஒருமுறை அடித்ததும் அடுத்த துடிப்புக்குள் தன்னைத் தயார்செய்துகொள்ள ஒரு இடைவெளி வேண்டும். மெத்தடோன் சிலருக்கு அந்த இடைவெளியை இழுத்து நீட்டிவிடும், அதுவும் அளவு கூடக்கூட. அவனுக்குப் போன வருடம் அளவை ஏற்றியிருந்தார்கள். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தது. சளிக் காய்ச்சலில் சாப்பிடாமல் வாந்தி எடுத்து உடம்பில் உப்புச் சத்தும் குறைந்திருந்தது. எல்லாம் ஒன்றுகூடி இதயத்தின் தாளத்தையே குலைத்துவிட்டன.

"தலை சுத்துறது எத்தனை நாளா இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

"கொஞ்ச மாசமாவே. லேசா வரும், போயிடும்," என்றான் தம்பி. "இந்த மாத்திரைக்கு அப்புறம்தான் விழ ஆரம்பிச்சேன்."

"மையத்துல சொல்லலையா?"

"சொன்னேன் டாக்டர். 'வெளிய வேற ஏதாவது சேர்த்து எடுத்துக்குறியா'ன்னு கேட்டு, சிறுநீர் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. அதுல ஒண்ணும் இல்ல. அப்புறம் நான் சொல்றதை விட்டுட்டேன்."

"இந்த மாத்திரை குடுத்த டாக்டர்கிட்ட மெத்தடோன் எடுக்குறதைச் சொன்னீங்களா?"

அவன் கூரையைப் பார்த்தான். "முன்னாடி ஒருத்தர்கிட்ட சொன்னேன். சொன்ன உடனே மேசை மேல இருந்த செல்போனை எடுத்து டிராயருக்குள்ள வெச்சார். அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்றதில்ல."

மருத்துவர் போன பிறகு அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னேனே. தலை சுத்திச்சுன்னு சொன்னேன். நீ நம்பினியா?" அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "பூட்ஸுக்குள்ள ஏன் வெச்சேன்? நீ அட்டையைப் பார்த்தா, கேள்வி மேல கேள்வி கேப்ப. அதுக்குப் பயந்துதான்."

"அந்தத் தொப்பிக்காரன்?"

"அவனும் மையத்துக்கு வர்றவன்தான். நெட்டையன்னு எங்க கூட ஒருத்தன் இருந்தான்ல, போன மாசம் செத்துட்டான். மறுபடியும் தொட்டுட்டான், அளவு மிஞ்சிடுச்சுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. தொப்பிக்காரன்தான் அன்னிக்குக் கூட இருந்தான். எப்படி விழுந்தான்னு கேக்கப் போனேன். எனக்கு நடக்குறதும் அதுதானோன்னு பயமா இருந்துச்சுக்கா."

அக்காவின் சந்தேகம் அதோடு அடங்கிவிடவில்லை, திசைதான் மாறியது. அடுத்த நாள் மருத்துவரிடம் சண்டைக்கே போய்விட்டாள். "அந்த விஷத்தை இன்னையோட நிறுத்துங்க. இத்தனை வருஷம் மருந்துன்னு சொல்லி இவன் நெஞ்சை அரிச்சிருக்கீங்க!"

"நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்றார் மருத்துவர். "இந்த மருந்து இல்லாம இருந்திருந்தா இவர் இத்தனை வருஷம் உயிரோடயே இருந்திருக்க மாட்டார். சட்டுனு நிறுத்தினா பழைய இடத்துக்கே போறவங்கதான் அதிகம். மெதுவாக் குறைச்சு, இதயத்துக்கு அவ்வளவு தொந்தரவு குடுக்காத இன்னொரு மருந்துக்கு மாத்தலாம். ஆனா முடிவு எடுக்க வேண்டியது அவர்."

தம்பி மாற்றிக்கொள்ளச் சம்மதித்தான். ஆனால் அது சுலபமாக இல்லை. அளவு குறையக் குறைய எலும்பெல்லாம் வலித்தது, வியர்த்துக் கொட்டியது, சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுந்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பட்டறையில் உட்கார்ந்து மோட்டார்களைப் பிரித்து மாட்டினான். அக்காவுக்கு இன்னமும் பழக்கம் விடவில்லை. சாப்பிடும்போது அவன் கண்ணையே பார்ப்பாள். அவன் முகத்தை நீட்டி இமைகளை விரலால் விரித்துக் காட்டுவான். "பார்த்துக்கோ செக்கரம்மா. டிக்கெட் இருக்கு." சில நாள் அவள் சிரிப்பாள். சில நாள் நிஜமாகவே குனிந்து பார்ப்பாள்.

மையத்துக்கும் ஒருநாள் கூடவே போனாள். "பதின்மூணு வருஷத்துல இவனுக்கு ஒரு தடவையாவது ஈசிஜி எடுத்தீங்களா?" என்று கேட்டாள். நர்ஸ் முகம் சுளித்தாள். எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம், மெஷின்தான் பழுதாம். வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு வயதானவர் மெல்ல, "எனக்கும் அப்பப்ப கண்ணு இருட்டும்மா," என்றார். அக்கா அவரை இழுத்துக்கொண்டுபோய் நர்ஸின் முன்னால் நிறுத்தி, "இப்ப சொல்லுங்க," என்றாள். அவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நெட்டையனின் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னது தம்பிதான். ஒரு மதியம் இருவரும் போனார்கள். கதவு ஒரு விரற்கடை திறந்தது. சங்கிலியை எடுக்காமலேயே அந்த அம்மா கேட்டாள். "யார் அனுப்பினது உங்களை? என்ன வேணும்?"

தம்பி தன்னை யாரென்று சொன்னான். அவள் முகம் இன்னும் இறுகியது. "அவன் சகவாசமெல்லாம் அவனோட போச்சு. போங்க."

"அம்மா, அவன் மறுபடியும் தொட்டதாலதான் செத்தான்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் அக்கா.

"எல்லாரும்தான் சொன்னாங்க. வேற எதனால சாவான்?"

கதவிடுக்கின் வழியாகவே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். குளியலறை, பூட்ஸ், ஆம்புலன்ஸ் திரை, தான் சந்தேகப்பட்டு உளவு பார்த்தது உட்பட. பாதியில் சங்கிலி கழன்றது.

சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "அப்ப நிச்சயமா இதயம்தானா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"நிச்சயமாத் தெரியாதும்மா. அவனை யாரும் சோதிச்சுப் பார்க்கல," என்றான் தம்பி. "ஆனா தொட்டதாலதான்னும் யாரும் நிச்சயமாச் சொல்ல முடியாது. விழுந்தப்ப பக்கத்துல இருந்தவன் சொன்னான், அவன் கையில எதுவும் இல்லையாம்."

அந்த அம்மா அடுப்பின் பக்கம் கையைக் காட்டினாள். "அதுக்கு ஒரு வாரம் முந்தி இந்த இடத்துலதான் சுருண்டு விழுந்தான். எழுந்ததும் கன்னத்துல ஒண்ணு வெச்சேன். இல்லம்மா, இல்லம்மான்னு சொன்னான். நான் கேக்கல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா எழுந்து டீ போட்டாள். கொதிக்கும்வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இந்த வீட்டுக் கதவு நிலையில் தினமும் இடித்துக்கொள்வானாம். குனிந்து வா என்று சொன்னால், வீட்டுக்காரனை நிலையை உயர்த்தச் சொல்லு என்பானாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், உடனே முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

தம்பி டீயைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. படிக்கட்டில் பாதியில் அவன் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"லேசா சுத்துதுக்கா," என்றான்.

"உட்காரு," என்றாள் அவள். அவன் கண்ணைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு கையால் மருத்துவரின் எண்ணை அழுத்தினாள்.